சிறுநீரகம் செயலிழந்த வயதான பூனைக்கு எப்போது விடைகொடுப்பது?

பூனை வலியை எளிதில் காட்டிக்கொள்ளாது. மடியில் குர்குர் என்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். வலியிலும் அப்படிச் செய்யும். நான் முதலில் பார்ப்பது ரோமத்தை. நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டால் முதுகு முடி பிசுபிசுத்துத் திரிதிரியாக நிற்கும். பிடித்த தீனியைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது அதைவிட மோசம்.

கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்டதைவிட நல்ல நாள்கள் அதிகமா என ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்; நிலை நன்றாக இருந்தால் (வலி என்றால், குறைவாக இருந்தால்) மதிப்பெண் அதிகம். மொத்தம் 35-க்கு மேல் என்றால் பராமரிப்பைத் தொடரலாம். ஆனால் மூச்சுத் திணறினால் கூட்டிக் கழித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

வலியில்லாமல் உயிரை விடுவிக்கும் கருணைக்கொலை ஊசியை நினைத்துப் பயமா? பெரும்பாலும் முதலில் மயக்க மருந்து தருவார்கள். அடுத்த மருந்தில் சில நிமிடங்களுக்குள் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.