எடை குறைந்த சைக்கிள் பாகங்கள்: காசுக்குப் பலன் உண்டா?

கேள்வி: என் ரோடு சைக்கிள் 10.5 கிலோ, நான் 72 கிலோ. ஹேண்டில்பாரையும் சீட் போஸ்ட்டையும் கார்பனுக்கு மாற்றி, டைட்டானியம் போல்ட்டும் போட்டால் 400 கிராம் குறையும் என்கிறார்கள். மலை ஏறும்போது வேகம் கூடுமா?

பதில்: கூடும். எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நீங்கள், சைக்கிள், உடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து சுமார் 85 கிலோ. அதில் 400 கிராம் அரை சதவீதம்கூட இல்லை. ஒரு மணி நேரம் பிடிக்கிற செங்குத்தான ஏற்றத்தில் ஏறக்குறைய 17 விநாடி மிச்சமாகும். சமதளத்தில் அதுவும் தெரியாது. அங்கே உங்கள் பலத்தைத் தின்பது காற்று.

முதல் செலவு டயருக்குத்தான். பஞ்சர் ஆகாமலிருக்கத் தடிமனாகச் செய்த டயரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் மெல்லிசாக வளைந்து கொடுக்கிற நல்ல டயர் போட்டால், உருளும்போது வீணாகிற சக்தி குறையும். இந்தப் பலன் ஏற்றத்தில் மட்டுமல்ல, எல்லா இடத்திலும் கிடைக்கும்; பஞ்சர் கொஞ்சம் கூடலாம். சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 100 கிராம் வரும். டிபியூ என்கிற மெல்லிய பிளாஸ்டிக் டியூப் சுமார் 40 கிராம். ஆனால் டிபியூவை டயருக்கு வெளியே வைத்து ஊதிப் பெருக்கக் கூடாது, ரப்பர் மாதிரி பழைய அளவுக்குச் சுருங்காது. பஞ்சர் ஆனால் அதற்கென்று உள்ள ஒட்டுதான் பிடிக்கும்.

சக்கரத்தில் குறையும் எடைக்கு இரட்டைப் பலன் என்பது, ரிம் ஓரத்து எடைக்கு, அதுவும் வேகம் எடுக்கும்போது மட்டுமே பொருந்தும். சீராக ஏறும்போது கிராம் எங்கே குறைந்தாலும் ஒன்றுதான். எடைக்காக, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் அலுமினிய போல்ட் மட்டும் போடவே போடாதீர்கள். தலை துண்டித்துப் போனால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும்.

கேள்வி: புதிதாக மாட்டிய கார்பன் ஹேண்டில்பார், பள்ளத்தில் இறங்கினால் கீழே சுழல்கிறது. இன்னும் இறுக்கலாமா?

பதில்: வேண்டாம். அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டெம் பிடிக்கிற இடத்தில் கார்பன் அடுக்குகள் நசுங்கும். கழற்றுங்கள். கிரீஸ் பட்டிருந்தால் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஸ்டெம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் நைசான உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு பிடிக்கும் இடத்தில் கார்பன் பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசுங்கள். அதிலுள்ள பொடிமணிகள்தான் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் ஸ்டெம்மின் நான்கு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக 2, 3, 4 நியூட்டன் மீட்டர் என்று ஏற்றுங்கள். ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் அளவே எல்லை. பல ஸ்டெம்களில் அது 5. ஸ்டெம்முக்கும் அதன் முன்மூடிக்கும் நடுவே மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கட்டும். கழற்றியபோது ஹேண்டில்பாரில் வெளிறிய கோடோ நகம் மாட்டுகிற பள்ளமோ கண்டால், அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.