நாலு நாளைக்கு ஒரு வீடு: கும்பகோணம், தஞ்சாவூர் வருகிறவர்களின் கேள்விகள்

எட்டு பேர் நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறோம். அம்மாவுக்கு 75 வயது, முழங்கால் வலி. வீடு எடுப்பது கும்பகோணத்திலா, தஞ்சாவூரிலா? (சேலம் வாசகி)

கும்பகோணம்தான். திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், ஆலங்குடி எல்லாம் அங்கிருந்து பக்கம். திங்களூர் ஒன்றுக்குத்தான் தஞ்சாவூர் தோது; அதற்காக தினமும் 40 கிலோமீட்டர் வந்து போக முடியாது. பகலில் நடை சாத்தினால் பெரும்பாலும் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் அம்மா வீட்டுக்கு வந்து காலை நீட்ட வேண்டும். லாட்ஜை விட்டு வீடு எடுப்பதே அதற்குத்தானே!

'தரைத்தளம்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. பழைய அக்ரகாரத்து வீடு என்றால் தெருவிலிருந்து திண்ணைக்குப் படி, ரேழிக்கு நிலைப்படி, முற்றத்தைச் சுற்றி நடை, கடைசியில் கொல்லையில் கழிவறை. படத்தில் முற்றமும் ஊஞ்சலும் அழகாகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்தால் எத்தனை படி இறங்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். படுக்கிற அறையை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையா, வேறு வீடு பாருங்கள். எட்டு பேருக்கு ஒரே கழிவறை என்றால் விடியற்காலை தரிசனத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

சமையலறை உண்டு என்று போட்டிருக்கிறது. நம்பி வரலாமா? (கோவை வாசகர்)

ஐப்பசிக் கடைமுகத்துக்கு, அதாவது ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்குக்கு, மயிலாடுதுறையில் ஒரு வீடு பிடித்தேன். அடுப்பு பளபளவென்று இருந்தது; கீழே குனிந்து பார்த்தால் சிலிண்டர் இல்லை. பால் காய்ச்சக்கூட வழியில்லாமல் துலாக்கட்டத்துப் பக்கம் டீக்கடை தேடி அலைந்தோம். அதிலிருந்து சிலிண்டர், குக்கர், மிக்ஸி, குடிதண்ணீர் கேன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். அசைவம் சமைக்கலாமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். கோயில் தெருக்களில் பலர் சம்மதிக்க மாட்டார்கள்.

முழு வாடகையையும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? (சென்னை வாசகர்)

வேண்டாம். வீடியோ காலில் தெருமுனையிலிருந்து வீட்டுக்குள் நடந்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். காட்டினாலும் சின்ன அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைச் சாவி வாங்கும்போது கொடுக்கலாம். ஆப் வழியாகப் பிடித்த வீடு என்றால் பணத்தையும் ஆப்பிலேயே கட்டுங்கள்.

ஆதார் நகல் கேட்கிறார்கள். கூட வரும் அண்ணன் அமெரிக்கக் குடிமகன். (திருச்சி வாசகி)

நீங்கள் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். அண்ணன் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை (முன்பு 'சி' படிவம் என்பார்கள்) வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும். அதெல்லாம் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டால், அண்ணனை ஓட்டலில் தங்க வையுங்கள்.

கார்த்திகையில் தஞ்சாவூரில் கல்யாணம். மண்டபத்துக்கு அடுத்த வீடே கிடைக்கிறது. (மதுரை வாசகர்)

அடுத்த வீடு என்றால் விடியுமுன்னே நாதஸ்வரத்தில்தான் கண் விழிப்பீர்கள். இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. இன்வெர்ட்டர் உண்டா, தெருவில் தண்ணீர் தேங்குமா என்று வீட்டுக்காரரைக் கேட்பதைவிட அந்தத் தெரு மளிகைக் கடைக்காரரைக் கேட்பது நல்லது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்த கல்யாணங்களை அவர் பார்த்திருப்பார்.