வாகனக் கேள்வி பதில்: 18,000 மைல் ஓடிய பென்ஸ்

கேள்வி: என் மாமா கொழும்பில் 1987ஆம் ஆண்டு பென்ஸ் 500 எஸ்எல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். கூரை மடக்கும் இரண்டு கதவுக் கார், பிரித்தானியாவிலிருந்து வந்தது. மீற்றரில் 18,000 மைல்தான். ‘ஓடவே இல்லை, புதுசு மாதிரி’ என்று தரகர் பெரிய விலை சொல்கிறார். நம்பி வாங்கலாமா?
– வாசகர், உவர்மலை

பதில்: மீற்றரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் செசி நம்பர். அது டபிள்யூடிபி (WDB) 107046 என்று தொடங்கவேண்டும். 107046 என்பது 500 எஸ்எல். அடுத்த இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங்குடன் தொழிற்சாலையிலிருந்து வந்த கார். 1 என்றால் இடப்பக்கமாக இருந்ததைப் பின்னர் யாரோ மாற்றியிருக்கிறார்கள், விலை அங்கேயே இறங்கவேண்டும். வண்டியில் பொறித்த நம்பரைப் பதிவுப் புத்தகத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

கார் அரிதுதான், அதில் தரகர் பொய் சொல்லவில்லை. 1971 முதல் 1989 வரை இந்த 107 வரிசையில் 237,287 கார்கள் வந்தன. அதில் 500 எஸ்எல் 11,812 மட்டுமே. ஆனால் அவர் கேட்கும் பெரிய விலை குறைந்த ஓட்டத்துக்கு. அதற்குத் தாள் வேண்டும். பிரித்தானியாவில் மூன்று வயது தாண்டிய கார் வருடாவருடம் எம்ஓரி (MOT) என்ற வாகனத் தகுதிப் பரிசோதனைக்குப் போகும், சான்றிதழில் மைல் எழுதுவார்கள். அந்தத் தாள்கள் வரிசையாக இருந்து, மைல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சேவிஸ் புத்தகத்தோடும் ஒத்துப்போனால் நம்பலாம். இந்தக் காலத்து மீற்றர்களில் மைல் எண்ணும் பல்சக்கரம் நின்றுபோவது வழக்கம். ஸ்பீட் முள் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். பிறேக் பெடல் ரப்பர் வழுவழுத்து, சாரதி இருக்கையின் கதவுப்பக்க விளிம்பு தேய்ந்திருந்தால் அது 18,000 மைல் கார் இல்லை.

அடுத்தது கறள். இந்தக் காரைக் கொல்வது எஞ்சின் இல்லை, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகடு. வைப்பருக்கு அருகில் காற்று உள்ளே போகும் சல்லடையில் ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் முன் ரயருக்குப் பின்னால் நிலத்தில் சொட்டவேண்டும். சொட்டாவிட்டால் வடிகுழாயில் இலை அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்ளே தேங்கி நின்றிருக்கிறது. கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். ஈரம் கசிந்தாலோ, கறள் மணம் வந்தாலோ கவனம். ஹீற்றர் பெட்டிக்குப் பின்னால் தகடு உக்கியிருந்தால் டாஷ்போட் முழுவதையும் கழற்றாமல் வெல்டிங் பிடிக்க முடியாது. கதவுக்குக் கீழ்ப்பட்டி, ஜாக் வைக்கும் இடம், டிக்கித் தளம் எல்லாவற்றிலும் சின்னக் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் ஓட்டையை மறைக்கப் பட்டிப் பசை பூசியிருக்கிறது.

ரயரில் பூ அப்படியே இருக்கும், மயங்கவேண்டாம். பக்கச் சுவரில் டொட் (DOT) எழுத்துக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் 2310 என்றால் 2010ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அவ்வளவு பழசு என்றால் நான்கையும் மாற்றுங்கள், அளவு 205/65 ஆர்15. டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டுகளும் அப்படியே: ஓட்டத்தால் இல்லாவிட்டாலும் வயதாலும் சூட்டாலும் முறுகி உடையும். உடைந்தால் செயின் பல் தாண்டி, வால்வு பிஸ்டனில் அடிக்கும். மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: வீட்டில் 1983 மொடல் 380 எஸ்எல் எட்டு வருடமாக நிற்கிறது. புதுப் பற்றரி போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தயவுசெய்து வேண்டாம். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் 27 மில்லிமீற்றர் சொக்கற் போட்டு, முன்னால் நின்று பார்க்கையில் மணிக்கூடு சுற்றும் திசையில் கையால் இரண்டு சுற்று. எதிர்த்திசையில் ஒருபோதும் சுற்றவேண்டாம், செயின் தளர்ந்து பல் தாண்டும். இறுகி நின்றால் பலம் போடாமல் இன்னும் ஒயில் விட்டுப் பொறுங்கள்.

இனி ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய பெற்றோலை முழுவதும் இறக்கி, தாங்கியின் அடியில் உள்ள வடிகட்டும் வலை, பெற்றோல் ஃபில்டர், பின்னால் பம்ப் பக்கத்து ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிதாக இருக்கவேண்டும். இதைத் தாண்டினால் பழைய பெற்றோலின் பசை, கே-ஜெட்ரோனிக் என்ற பெற்றோல் தெளிப்பு முறையில் சிலிண்டர்களுக்குப் பெற்றோலைப் பிரித்துக்கொடுக்கும் ஃபியூவல் டிஸ்ரிபியூட்டருக்குள் போகும். அதற்குள் இருக்கும் சின்னப் பிளஞ்சர் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது பெற்றோலில் மூழ்கும். அதை அரத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தால் பிளஞ்சர் பிறகு எதற்கும் உதவாது.

பிளக் இல்லாமலே, கொயில் வயரையும் பெற்றோல் பம்ப் ரிலேயையும் கழற்றிவிட்டு, பத்துப் பத்துச் செக்கனாக ஸ்டார்ட்டர் அடியுங்கள். ஒயில் அழுத்தம் காட்டும் முள் எழும்பிய பிறகுதான் பிளக் போடவேண்டும். ஓடத் தொடங்கியதும் அக்சிலேற்றரை மெதுவாக மிதித்தால் அந்த முள் 3க்குப் போய் நிற்கவேண்டும். வீதிக்கு எடுக்குமுன் பிறேக் ரப்பர் குழாய்களை மாற்றி டொட் 4 திரவம் புதிதாக விடுங்கள். பழைய குழாய் உள்ளே வீங்கி, மிதித்த பிறேக்கைத் திரும்ப விடாது.

கேள்வி: நிலாவெளியில் கடற்கரையோடு வீடு. காரை வெளியில் படங்கு போட்டு மூடி வைத்தால் போதுமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: படங்குதான் கேடு. வாடைக்காலத்தில் கடலிலிருந்து வரும் உப்பு ஈரம் அதன் அடியில் ஆவியாகி வெளியே போகாமல் குரோமிலும் தகட்டு மூட்டுகளிலும் நிற்கும். சீமெந்துத் தரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள கொட்டகை, மேலே பருத்தித் துணி உறை. மண் தரை என்றால் கீழே தடித்த பொலித்தீன் விரியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குச்சவெளி வரை போய்த் திரும்புங்கள். எஞ்சின் முழுச்சூடு ஏறினால்தான் ஒயிலிலும் சைலன்சரிலும் உள்ள தண்ணீர் போகும். வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகே உள்ளே விடவேண்டும்.

கேள்வி: மழையில் நனைந்த துணிக்கூரையை உடனே மடக்கலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: கூடாது. பூஞ்சணம் பிடிக்கும், பின் பிளாஸ்டிக் கண்ணாடி மடிந்த கோட்டில் மங்கி வெடிக்கும். விரித்தபடியே நிழலில் முழுதாகக் காயவிட்டு, கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய பருத்தித் துணி வைத்து மடக்குங்கள்.