கணினி கேள்வி–பதில்: கீழே உருட்டினால் மேலே ஓடும் பக்கம்

கேள்வி: மவுஸ் சக்கரத்தைக் கீழ்நோக்கி உருட்டினால் பக்கம் இரண்டடி இறங்கி ஓரடி ஏறுகிறது. விண்டோஸ் 11. டிரைவரை (மவுஸை விண்டோஸுக்குப் புரியவைக்கும் நிரல்) நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பலனில்லை. வைரஸாக இருக்குமோ? சாதாரண வயர் மவுஸ்தான், வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. (வாசகி, கியூர்பிப்)

பதில்: வைரஸ் இல்லை. டிரைவரும் இல்லை, இந்த மாதிரி மவுஸுக்கு விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பொது டிரைவரைத்தான் போடுகிறது, நீக்கினாலும் அதே திரும்பி வரும். மவுஸைக் கழற்றி வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் இதே ஆட்டம் என்றால் கோளாறு மவுஸுக்குள்ளேதான். செட்டிங்ஸைக் குடைவதை அத்தோடு நிறுத்திவிடலாம்.

சக்கரத்தின் அச்சு ஒரு பக்கம் என்கோடர் என்ற சின்னப் பெட்டிக்குள் போகிறது. அதற்குள் இரண்டு உலோக நாக்குகள் ஒரு வட்டத்தகட்டை உரசிக்கொண்டிருக்கும். சக்கரம் சுற்றும்போது இரண்டும் மாறி மாறித் தொட்டுத் தொட்டு விலகும். எது முந்தித் தொட்டது என்பதை வைத்தே மேலா கீழா என்று மவுஸ் முடிவு செய்கிறது. நாக்கில் தூசியோ களிம்போ (உலோகத்தில் படியும் துரு) ஏறி ஒரு தொடுகை தவறிப்போனால், பிந்தியது முந்தியதாகத் தெரியும், திசை புரண்டுவிடும். ஒரு ‘கடக்’குக்கு விண்டோஸ் வழக்கமாக மூன்று வரி நகர்த்துவதால், ஒரு தவறு மூன்று வரித் துள்ளலாகக் கண்ணில் படுகிறது. உங்கள் ஊர் ஈரத்தில் அலமாரிச் செருப்பே பூசணம் பிடிக்கிறது. செப்புத் தகட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கடலோரத்தில் உப்புக் காற்றும் இதே வேலையைச் செய்யும்.

முதலில் திறக்காமலே ஒன்று செய்யலாம். மவுஸைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, சக்கரத்தைச் சற்று அழுத்தினாற்போல் ஒரு நிமிஷம் மேல்நோக்கியும் ஒரு நிமிஷம் கீழ்நோக்கியுமாக வேகமாகச் சுற்றுங்கள். உரசலில் களிம்பு கொஞ்சம் கழன்றுவிடும். பிறகு சக்கரத்தின் இரு பக்க இடுக்கிலும் கேன் காற்றை (தூசி ஊத டப்பாவில் அடைத்து விற்பது) சின்னச் சின்ன ஊதலாக விடுங்கள். கேனை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும்; சாய்த்தால் காற்றோடு திரவமும் பீய்ச்சும். இதில் ஒரு நாளாவது சரியாக ஓடினால், நோய் தொடுகையில்தான் என்று உறுதி.

மறுபடி வந்தால் திறக்க வேண்டியதுதான். ஆனால் வாரன்டி மிச்சமிருந்தால் ஸ்குரூவைத் தொடாமல் கடைக்கே கொண்டுபோங்கள். ஸ்குரூக்கள் பெரும்பாலும் அடியில் இருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். சில சமயம் ஸ்டிக்கருக்கு அடியில். ஹேர் டிரையரால் பத்து விநாடி சூடு காட்டினால் பட்டை மடங்காமல் உரியும். பிஎச்0 அளவு (சின்னக் கூட்டல்குறி முனை) ஸ்குரூ டிரைவர் போதும். மேல் மூடியைப் பட்டென்று இழுக்காதீர்கள்: பல மவுஸ்களில் மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒரு தட்டை ரிப்பன் வயர் இணைக்கும். அது கிழிந்தால் பக்கவாட்டுப் பட்டன்கள் போயிற்று.

சக்கரத்தைத் தூக்கி எடுத்தால், அறுகோணத் துளையோடு என்கோடர் தெரியும். அதன் விளிம்பு இடுக்கில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரே ஒரு சொட்டு. சக்கரத்தை மாட்டி இருபது முப்பது சுற்று, பிறகு அரை மணி நேரம் உலர விடுங்கள். ஃபார்மசியில் கிடைக்கும் 70% ஸ்பிரிட் வேண்டாம். மிச்சம் 30% தண்ணீர்தான். 90%க்கு மேல் வேண்டும், 99% கிடைத்தால் நல்லது. ஊற்றிக் குளிப்பாட்டினால் உள்ளே இருக்கும் கிரீஸும் கரைந்து, சக்கரம் சரசரவென்று சுற்றத் தொடங்கிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று துரு நீக்கும் ஸ்பிரேயான சாதாரண டபிள்யூடி-40ஐ அடிப்பவர்கள் உண்டு. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அடுத்த தூசிக்கு அது விருந்து. அதே பெயரில் மின்தொடுகைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் தனியாக விற்கிறார்கள், அதை அடிக்கலாம்.

திறந்ததும் சக்கரத்தில் பல் பல்லாக ஓட்டை, இரு பக்கமும் இரண்டு குட்டி விளக்குகள் போல் இருந்தால் அது ஒளி என்கோடர். அங்கே தேய உலோகமே இல்லை. முடியையும் தூசியையும் காதுக்குச்சியால் எடுத்தால் போதும்.

தேய்ந்தே போனது என்றால் என்கோடரை மாற்ற வேண்டும். மூன்று மின்கால்களையும் பெட்டியைத் தாங்கும் கால்களையும் ஈயப் பற்றிலிருந்து விடுவித்து எடுக்கும் வேலை. சால்டரிங் பழகியவருக்குக் கால் மணி நேரம். வாங்குமுன் பழைய என்கோடரின் உயரத்தைக் காலிப்பரால் (மி.மீ. துல்லியமாக அளக்கும் கருவி) அளந்துகொள்ளுங்கள். 9, 11, 13 மி.மீ. என்று பல உயரத்தில் வருகிறது. ஒரு மி.மீ. தப்பினாலும் சக்கரம் மேல் மூடியில் உரசும், இல்லாவிட்டால் நடுப் பட்டன் அழுந்தியே நிற்கும். மலிவு மவுஸுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, புதிது வாங்கிவிடுங்கள். கைக்குப் பழகிய நல்ல மவுஸ் என்றால் மாற்றலாம்.

எதிர்த்திசைத் துள்ளலை மறைக்கும் குட்டி நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. புது மவுஸ் வரும்வரை சமாளிக்க உதவும், அவ்வளவே.

கேள்வி: என் வயர்லெஸ் மவுஸில் திசை மாறுவதில்லை, விட்டுவிட்டு ஓடுகிறது, பிறகு ஒரேயடியாகக் குதிக்கிறது. பேட்டரி புதிது. (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: ரிசீவருக்கு (மவுஸோடு வந்த, கணினியில் செருகும் குட்டித் துண்டு) பக்கத்து ஓட்டையில் வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருக்கிறீர்களா? யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கசிகிறது. உங்கள் மவுஸ் பேசுவதும் அதே வரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. ரிசீவரை ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் மாட்டி மவுஸுக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். நீல நிற ஓட்டையை (யுஎஸ்பி 3.0) விட்டுக் கறுப்பு ஓட்டைக்கு (யுஎஸ்பி 2.0) மாற்றினாலும் பல சமயம் தீர்ந்துவிடும்.

கேள்வி: எக்செல்லில் மட்டும் சக்கரம் தாவுகிறது. மற்ற இடமெல்லாம் ஒழுங்கு. (கணக்காளர், போர்ட் லூயிஸ்)

பதில்: மவுஸ்மேல் பழி போடாதீர்கள். பழைய எக்செல் ஒவ்வொரு வரிசையின் மேல்விளிம்பில்தான் நிற்கும். ஒரு கட்டத்துக்குள் பத்தி பத்தியாக எழுதி வரிசை உயர்ந்திருந்தால், மூன்று வரிசை என்பது ஒரு திரையையே தாண்டிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய், ஒரு தடவைக்கு எத்தனை வரி என்பதை 3இலிருந்து 1ஆக்குங்கள். மற்ற நிரல்களிலும் வேகம் குறையும் என்பது இதன் விலை. மைக்ரோசாஃப்ட் 365இன் இப்போதைய எக்செல்லில் வரிசை நடுவிலும் நிற்கும்.

கேள்வி: சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதும் சிறிதுமாகிறது. (மாணவி, வாக்குவா)

பதில்: கன்ட்ரோல் கீ அழுந்தியபடி இருக்கிறது; அதோடு உருட்டினால் அளவுதான் மாறும். இரண்டு பக்கக் கன்ட்ரோலையும் தட்டிப் பாருங்கள், அடியில் பிஸ்கட் தூள் இருக்கும். தட்டியும் போகாவிட்டால் கீபோர்டைக் கழற்றிவிட்டு உருட்டுங்கள். அப்போது சரியானால் மாற்ற வேண்டியது கீபோர்டை.