ஸ்கோனில் சினை ஊசி கிடையாது

தம்பி, நாமக்கல்லில் பி.வி.எஸ்சி. கால்நடை மருத்துவப் பட்டம் முடித்து, ஊரில் மாடுகளுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுப் பழகி, இப்போது மெல்போர்ன் வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். குதிரைக்கும் அதே தொழிலைக் கற்க நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஸ்கோனுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள்.

போகாதீர்கள். ஸ்கோன் பெரிய குதிரை ஊர்தான். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் தரோபிரெட், அதாவது ஜாக்கி ஏறி ஓட்டும் பந்தயக் குதிரை இனம். சினை ஊசியில் பிறந்த குட்டியை அந்த இனத்தின் பதிவேட்டில் சேர்க்கவே மாட்டார்கள்; உலகம் முழுக்க அதே விதி. சிட்னிக்காரர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார், 2012-ல் தள்ளுபடி ஆனது. அங்கே போனால் ஸ்கேன் பார்க்க நன்றாகக் கற்கலாம், அவ்வளவுதான். உங்களுக்குத் தேவை ஸ்டாண்டர்ட்பிரெட் பண்ணை, அதாவது வண்டி கட்டி ஓட்டும் பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள். விக்டோரியாவிலேயே எச்சூக்கா, ஷெப்பர்டன் பக்கம் தேடுங்கள்.

நம் பட்டத்துக்கு இங்கே நேரடி அங்கீகாரம் இல்லை. தேர்வு எழுதிப் பதிவு பெறும்வரை பண்ணை ஆளாகவோ, விந்து ஆய்வக உதவியாளராகவோதான் சேர முடியும். நான் முதல் சீசன் முழுக்கச் சாணி அள்ளினேன்.

உங்கள் மாட்டுக் கை உதவும், ஆனால் மாட்டியும் விடும். மாட்டில் இடது கையை மலக்குடலுக்குள் விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டுதானே விந்து செலுத்தும் கன்னை (குழல் கருவியை) விடுவோம்? குதிரையில் கையே பிறப்புறுப்பு வழியாகப் போகும்; விரல் நுனியால் கருப்பை வாயைக் கண்டு, அதன் வழியே குழாயை விட வேண்டும். பருவத்தில் அது பிசைந்த மாவு மாதிரி தளர்ந்து கிடக்கும். நான் முதல் நாள் பழக்கதோஷத்தில் மலக்குடல் வழியாக அதைத் துழாவ, டாக்டரம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மாடு பொறுத்துக்கொள்ளும். குதிரையின் மலக்குடல் கிழிந்தால் உயிரே போய்விடலாம். அது முக்கும்போது எதிர்த்துத் தள்ளாமல் கையைத் தளர்த்திப் பின்வாங்க வேண்டும். மலக்குடல் வழியாகச் செய்யும் ஸ்கேன் முடிந்து கையை எடுத்ததும் கையுறையில் ரத்தம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன், இன்றுவரை.

அப்புறம் நேரக் கணக்கு. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி என்ற நம் கணக்கு இங்கே செல்லாது. பருவமே 5 முதல் 7 நாள் இருக்கும், முட்டை வெளிவருவது அதன் கடைசியில். ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளரும் பை, 35 மி.மீ. தாண்டியதும் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறக்குறைய ஒன்றரை நாளில் வெடிக்கும். 5 டிகிரி பெட்டியில் வரும் குளிர்விந்து ஒரு நாள் தாங்கும், பிரச்சினை இல்லை. உறைவிந்துதான் தூக்கத்தைக் கெடுக்கும். முட்டை வெளிவந்து 6 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் இரவு 2 மணிக்கும் எழுந்து ஸ்கேன் பார்ப்போம், குளிர்ந்துபோன ஸ்கேன் ஜெல் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டே. மாட்டுக்கு ஒரு ஸ்ட்ரா (உறைவிந்து அடைத்த மெல்லிய குழாய்) போதும். இங்கே ஒரு டோஸுக்கே அரை மில்லி ஸ்ட்ரா எட்டு வரை ஆகும். உருக்க 37 டிகிரி நீரில் 30 விநாடி. கை நடுங்கினால் யாரோ ஒருவரின் ஆயிரம் டாலர் தரையில்.

14-ம் நாள் சினை பார்க்கும்போது இரட்டை தெரிந்தால் 16-ம் நாளுக்குள் ஒன்றை நசுக்கிவிடுவார்கள். முதல் தடவை மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இரண்டையும் விட்டால் பெரும்பாலும் இரண்டும் தங்காது, தாய்க்கும் ஆபத்து.

கருவை எடுத்து வேறு குதிரைக்கு வைக்கும் கருமாற்றம், முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள். குதிரைக்கு மாடு மாதிரி ஹார்மோன் ஊசி போட்டு நிறைய முட்டை வரவைப்பது கடினம். 7, 8-ம் நாள் கருப்பையைக் கழுவினால் கிடைப்பது பெரும்பாலும் ஒரே கரு. சினை ஊசியில் இரண்டு சீசன் கை பழகட்டும், பிறகு பேசுவோம்.

சீசன் செப்டம்பரில் ஆரம்பிக்கும். மே, ஜூனிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஊரில் எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டீர்கள் என்பதை எண்ணிக்கையோடு எழுதுங்கள். அதற்குள் கார் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், அந்தப் பக்கம் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது.