கீழ்ப்பாதி இல்லாமல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடுப்பெலும்பு, கால்கள் எல்லாம் சேர்த்து உடலின் கீழ்ப்பாதியையே அகற்றிவிடும் அறுவை சிகிச்சை ஒன்று இருப்பதாகப் படித்தேன். மனம் ஆறவே இல்லை. அதற்குச் சாவே மேல் இல்லையா? எந்தத் துணிச்சலில் மருத்துவர்கள் இதைச் செய்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹெமிகார்ப்பரெக்டமி என்பார்கள். மிக மிக அரிது. நீங்கள் நன்றாக நடமாடும் ஒருவரை மனத்தில் வைத்துப் பதறுகிறீர்கள். இதற்கு வருபவர்களில் பலர் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே பல ஆண்டுகளாக உணர்வே இல்லாதவர்கள். படுக்கைப்புண் ஆழமாகி இடுப்பெலும்பில் சீழ் பிடித்துவிடுகிறது. ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்காமல் கிருமி ரத்தத்தில் கலந்து, திரும்பத் திரும்ப உயிருக்கே உலை வைக்கிறது. சிலருக்கு நாள்பட்ட அந்தப் புண்ணிலேயே புற்றுநோய் வந்துவிடும். நடக்கும் கால்களை அவர்கள் எப்போதோ இழந்தாயிற்று. இடுப்புக்குள் மட்டும் நிற்கும் புற்றுநோய்க்கும் இதைச் செய்திருக்கிறார்கள்.

1960இல் அமெரிக்காவில் சார்லஸ் கென்னடி முதன்முதலில் செய்தபோது நோயாளி சில நாட்களில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மினசோட்டாவில் ஆஸ்ட், அப்சலான் இருவரும் செய்த நோயாளி 19 ஆண்டுகள் வாழ்ந்தார். சாவே மேல் என்பதற்கு முன் அந்த 19 ஆண்டுகளையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள்.

எளிதான காரியம் என்று சொல்லவில்லை. மலமும் சிறுநீரும் வயிற்றில் திறப்பு வைத்து வெளியேற வழி செய்யவேண்டும். பெரும்பாலும் இதை முதல் கட்டமாகவே முடித்துவிடுவார்கள். பிறகு கீழ்முதுகில் முதுகெலும்பைத் துண்டித்து, தண்டுவட உறையிலிருந்து நீர் கசியாதபடி மூடவேண்டும். ரத்தம் ஓடும் பரப்பு திடீரெனச் சுருங்கிவிடுவதால் ஏற்றும் திரவம் சற்று மிகுந்தாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வியர்க்கத் தோலும் குறைவு, அதனால் வெப்பம் தாங்காது. அப்புறம் மார்புக்கூட்டைத் தாங்கும் வாளி போன்ற செயற்கை உறுப்பில் உட்காரப் பழகவேண்டும். இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லி, மனநலப் பரிசோதனையும் செய்து, நோயாளியே தெளிவாகச் சம்மதித்த பிறகுதான் கத்தி எடுக்கவேண்டும். சாவா வாழ்வா என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. அவர் வேண்டாம் என்றால் அதையும் நான் மதிப்பேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். படுத்திருப்பவரைச் சில மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்து, சக்கர நாற்காலிக்கு நல்ல மெத்தை கொடுத்து, தோல் சிவக்கும்போதே கவனித்திருந்தால் இந்தப் புண்களில் பெரும்பாலானவை வந்தே இருக்காது.