விருப்பமில்லாதவர்கள் மட்டும் கையெழுத்திடவும்

வணக்கம் மேடம்,

கோவையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 33. பிடித்தம் போகக் கையில் வருவது 26 ஆயிரம் சொச்சம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு தர்மம் செய்வது என்றாலே பிடிக்காமல் போய்விட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்காக எல்லோர் சம்பளத்திலும் மாதம் 500 ரூபாய் பிடிக்கிறார்கள். ஆரம்பித்தபோது வந்த மெயிலில், "விருப்பமில்லாதவர்கள் மட்டும் படிவத்தில் கையெழுத்திட்டு ஹெச்.ஆரிடம் நேரில் தரவும்" என்று இருந்தது. யார் போவார்கள்? 80ஜி-யில் வரிச் சலுகை உண்டு என்று வேறு சொன்னார்கள். வருடக் கடைசியில் முதலாளி பெரிய அட்டைச் செக்கை இல்லத்து நிர்வாகியிடம் கொடுக்கும் போட்டோ ஃபேஸ்புக்கில் வந்தது. செக்கில் கம்பெனி பெயர்.

இது போக, முதலாளியின் அப்பா நினைவு நாளுக்கு அன்னதானம், தீபாவளிக்கு முதியோர் இல்லத்துக்கு வேட்டி சேலை, கூட வேலை பார்ப்பவர் வீட்டில் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வசூல். கேன்டீன் வாசலில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறார்கள். பிரிவுவாரியாக எல்லோர் பெயரும் இருக்கும், கொடுத்தவர்களுக்குப் பச்சை ஸ்டிக்கர். போன வசூலில் எங்கள் பிரிவில் என் பெயருக்கு எதிரே மட்டும் வெறும் கட்டம். அந்தப் பக்கம் வந்த மேனேஜர், "ஏம்மா, உன்னாலதான் நம்ம டிபார்ட்மென்ட் நூறு பர்சன்ட் ஆகாம நிக்குது. ஒரு பிரியாணி காசுதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் ஜிபே பண்ணிவிட்டேன்.

என் அண்ணன் கொரோனாவில் தவறிவிட்டார். அவர் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸும் வேன் ஃபீஸும் நான்தான் கட்டுகிறேன். வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆபீசில் இதைச் சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். ஆனால் சொல்ல மனம் வரவில்லை.

சம்பள நாள் நெருங்கினாலே வயிற்றைக் கலக்குகிறது. வசூல் நோட்டோடு ஒரு அக்கா வருவார். அவரைக் கண்டாலே எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விடுகிறேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கண் தெரியாத ஒரு பெரியவருக்கு ஏதாவது போடாமல் முன்பெல்லாம் பஸ் ஏற மாட்டேன். இப்போது பார்க்காத மாதிரி போகிறேன். அந்த இல்லத்துக் குழந்தைகளின் போட்டோவைப் பார்த்தால்கூட எரிச்சல் வருகிறது. கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா? கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் நறுக்கென்று நாலு வார்த்தை எழுதி எல்லாவற்றையும் முடித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. மார்ச்சில் அப்ரைசல். என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

தர்மம் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்துவிட்டு, அண்ணன் மகளுக்கு ஃபீஸ் கட்டுவதை நடுவில் ஏதோ செலவுக் கணக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு உங்கள் முதல் பத்தியை என்னால் நம்ப முடியவில்லை.

முதலில் அந்தப் படிவம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளத்தை நிவாரண நிதிக்குக் கேட்டது. கிட்டத்தட்ட உங்கள் ஹெச்.ஆர். செய்த ஏற்பாடேதான்: தர விருப்பமில்லாதவர்கள் விருப்பமில்லை என்று எழுதித் தர வேண்டும். உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நிறுத்தி வைத்தது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. தர முடியாத ஒருவர் அதை எழுதிக் கொடுத்து ஏன் தன்னைத்தானே அவமானப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. லட்சக்கணக்கான பேரை முகாம்களுக்கு அனுப்பிய வெள்ளம் அது. நிதி எதற்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்போதும் நீதிமன்றம் ஊழியரின் மானத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தது. அரசு ஊழியர் வழக்கு அது, உங்கள் கம்பெனியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஹெச்.ஆர். அறை வாசல் வரை போய்த் திரும்பி வருகிற கூச்சம் உங்கள் ஒருவருடைய பலவீனம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவில் சிகாகோவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பரிசோதனை நடந்தது. 2012-ல் வெளியானது. வீடு வீடாக நன்கொடை கேட்டுப் போவதற்கு முந்தைய நாள், "நாளை இத்தனை மணிக்கு வருகிறோம்" என்று சில வீடுகளில் சீட்டு மாட்டினார்கள். வேறு சில வீடுகளுக்கு மாட்டிய சீட்டில் "எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று டிக் அடிக்க ஒரு கட்டமும் இருந்தது. சீட்டு மாட்டியதுமே கதவு திறக்கிறவர்கள் குறைந்தார்கள். கட்டம் இருந்த வீடுகளில் கொடுப்பதே 28 முதல் 42 சதவீதம் வரை குறைந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குறைந்ததில் பெரும்பகுதி பத்து டாலருக்குக் கீழான சில்லறைத் தொகைகள். அதாவது, வாசலில் நிற்கிற முகத்துக்காகக் கொடுத்த காசு. உங்கள் கேன்டீன் சார்ட்டில் இருக்கிற பச்சைகளில் எத்தனை உங்களுடையதைப் போலச் சாயங்கால ஜிபே என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், கல்நெஞ்சு. உங்கள் கோபம் நியாயமாக மேனேஜர் பக்கம் போக வேண்டியது. அங்கே போனால் வேலைக்கு ஆபத்து. அதனால் திருப்பி எதுவும் செய்ய முடியாதவர்கள் பக்கம் அது திரும்பியிருக்கிறது: போட்டோவில் இருக்கும் குழந்தை, கண் தெரியாத பெரியவர், நோட்டோடு வரும் அக்கா. ஆபீசில் வாங்கிய திட்டை வீட்டில் பிள்ளைகள் மேல் இறக்குகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அதே கதைதான் இது. பிடுங்கல் நின்றால் எரிச்சலும் மெல்ல அடங்கும். அதுவரை பெரியவருக்குப் போடாமல் போகிற நாளில் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் மகளைப் பற்றி ஆபீசில் சொல்லாதீர்கள். அண்ணிக்குக் கொடுத்த வாக்கு ஒன்று. அது இல்லையென்றாலும் இதையே சொல்வேன். காரணம் சொன்னால் பேரம் ஆரம்பிக்கும்: "அடடா, பாவம்... சரி, அப்போ இருநூறாவது போடு." அதோடு நிற்காது. உங்கள் வீட்டுத் துக்கத்தைக் காட்டி நீங்கள் விடுபட்டால், அடுத்து மறுக்கிறவரும் தன் வீட்டுத் துக்கம் ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கும். காட்டுவதற்குப் பெரிய துக்கம் எதுவும் இல்லாமல், வெறுமனே வேண்டாம் என்று நினைப்பவருக்கும் மறுக்க உரிமை உண்டுதானே?

சொல்ல வேண்டியது ஒரே வரி: "சார், இந்த வசூல்ல நான் சேரலைங்க." அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். அதுதான் கஷ்டமான இடம். "வீட்ல கொஞ்சம் டைட்டு சார்" என்று வாய் தானாக அதை நிரப்பப் பார்க்கும். விடாதீர்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சிரிப்பு வந்தால் வரட்டும். பிரியாணிக் கதை மறுபடி வந்தால், "ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். ஆமோதித்துவிட்டுக் காசு கொடுக்காமல் இருக்கிற ஆளிடம் யாரும் அதிக நேரம் வாதாட முடியாது.

எல்லா வசூலையும் ஒரே மூட்டையாகக் கட்டவும் வேண்டாம். கூட வேலை பார்ப்பவர் வீட்டு ஆபரேஷன் வேறு ரகம். இன்று அவருக்கு, நாளை நமக்கு. மனம் இருந்தால் அதற்கு மட்டும் முடிந்ததை ஒரு கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள், சார்ட்டில் ஏறாமல். முதலாளியின் அப்பா நினைவு நாள் அன்னதானத்துக்கு உங்கள் காசு எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை.

சம்பளப் பிடித்தத்தை மெயிலில் நிறுத்துங்கள். "வரும் மாதத்திலிருந்து நன்கொடைப் பிடித்தத்தை நிறுத்தக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி." இவ்வளவு போதும். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் பிடிப்பதென்றாலே ஊழியரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்றது 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். எழுதிக் கொடுக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அதற்குத் தலைகீழ். மெயிலில் சட்டத்தை இழுக்காதீர்கள். தெரிந்து வைத்திருந்தால் போதும், எழுதும்போது கை நடுங்காது. 80ஜி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். புதிய வரி முறையில் அந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையிலும் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது, அப்புறம் எதில் சலுகை? அட்டைச் செக் விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயமானது. 2013 கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகளைச் சமூகப் பணிக்கு 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. அது கம்பெனியின் லாபத்திலிருந்து, ஊழியர் சம்பளத்திலிருந்து அல்ல. உங்கள் கம்பெனி அந்த வரம்புக்குள் வருகிறதா என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வாட்ஸ்அப் குரூப் வேண்டாம். அங்கே எழுதினால் மறுநாள் எல்லோரும் சார்ட்டை விட்டுவிட்டு, நீங்கள் எழுதிய தோரணையைப் பற்றிப் பேசுவார்கள்.

முதலில் அந்த அக்காவிடம் தனியாகச் சொல்லுங்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போவது அவர் ஆசைப்பட்டு வாங்கிய வேலையாக இருக்காது. நூறு பர்சன்ட் என்கிற நெருக்கடி அவருக்கும் இருக்கும். "அக்கா, என்கிட்ட இனி நோட்டு கொண்டு வராதீங்க, சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றால் அவருக்கும் ஒரு தொல்லை குறையும். பிறகு எப்போதாவது அவரையும் சேர்த்துக்கொண்டு, சார்ட்டில் பெயர் வேண்டாம், பிரிவின் மொத்தத் தொகை மட்டும் போதும் என்று கேட்டுப் பாருங்கள். தனியாளாகப் போய்க் கேட்காதீர்கள்.

அப்ரைசலில் அடி விழாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சில மேனேஜர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள். மார்ச் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டு ஏப்ரலில் மெயில் அனுப்பலாம் என்று முடிவெடுத்தால், அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடிவு தெரிந்த 500 ரூபாயை மனம் தாங்கிக்கொள்ளும்.

பிடித்தம் நின்று இரண்டு மூன்று சம்பளம் வாங்கிய பிறகும் வயிற்றுக் கலக்கமும் ஒளிந்துகொள்வதும் அப்படியே இருந்தால், வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அண்ணன் போன துக்கத்தை யாரிடமாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பக்கத்தில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு நேரமோ பணமோ ஒத்துவரவில்லை என்றால், 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.